நாலு சுவர்களுக்குள்

வீட்டில் வைஃபை மந்தமாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று யாரைக் கேட்டாலும் உடனே யோசனை சொல்லிவிடுகிறார்கள். வயிற்றுவலிக்கு மருந்து சொல்வது போலத்தான். ரௌட்டர் பெட்டியை உயரத்தில் வைக்க வேண்டும். வீட்டின் நடுவாக வைக்க வேண்டும். சமையலறைப் பக்கம் கூடாது. இரும்பு பீரோவுக்குப் பின்னால் ஒளித்து வைக்கக் கூடாது. மீன் தொட்டிக்கும் அதற்கும் ஆகாது. எங்கள் வீட்டுக்கு இணைப்புக் கொடுக்க வந்த இளைஞன், இருபத்திரண்டு வயது இருக்கும், ஏணியை விட்டு இறங்காமலேயே இவ்வளவையும் ஒப்பித்துவிட்டான்.

"ஏன் தம்பி, சமையலறைக்கு என்ன வந்தது?" என்று கேட்டேன்.

"அது அப்படித்தான் சார். கம்பெனியில சொல்லிக் கொடுத்திருக்காங்க" என்றான்.

அவன் மேல் குற்றமில்லை. வடக்கே தலை வைத்துப் படுக்காதே என்கிறோமே, அதற்குக் காரணம் கேட்டால் நாமும் அப்படித்தான் முழிக்கிறோம். காரணம் கழன்றுபோய் விதி மட்டும் நிற்கிறது. ஆனால் கதை எழுதுகிறவனுக்கு இது பொறுக்காது. ஒரு விதி இருந்தால் அதன் பின்னால் ஓர் ஊரும் ஒரு மனிதரும் ஒரு வருஷமும் இருந்தே தீர வேண்டும் என்பது என் கட்சி. கல்லூரியில் பௌதிகம் இரண்டே வருஷம் படித்தவன்தான் நான். என்றாலும் ஒரு மழைக்காலம் பூராவும் இதைத் தேடிப் படித்தேன்.

படித்ததில் முதலில் என்னை நிறுத்தியது ஒரு சின்னக் கணக்கு. வீட்டு ரௌட்டர் காற்றில் விடும் சக்தி ஒரு வாட்டுக்கும் குறைவு. ராத்திரியில் எரியும் சின்ன விளக்கே அதைவிட அதிகம் தின்னும். அந்தச் சக்திக்குச் சட்டம் ஒரு வரம்பு கட்டியிருப்பதால் இருபத்தைந்து வருஷங்களில் அது பெரிதாக ஏறவில்லை. ஆனால் வேகமோ 1997-ல் வினாடிக்கு 20 லட்சம் பிட் என்று தொடங்கி இன்று நூற்றுக்கணக்கான மடங்கு ஆகிவிட்டது. குரல் உயரவில்லை, பேச்சு மட்டும் ஆயிரம் மடங்கை எட்டப் பார்க்கிறது. அப்படியானால் எங்கிருந்து வந்தது இந்த வேகம்? 'அதிக சக்தி, அதிக தூரம்' என்று அட்டையில் போட்டு விற்கும் பெட்டியை வாங்கப் புறப்படுகிறவர்கள் இந்தக் கேள்வியை ஒரு தடவை கேட்டுக்கொள்வது நல்லது.

கதை ஹவாய்த் தீவுகளில் தொடங்குகிறது. பசிபிக் சமுத்திரத்தின் நடுவே சிதறிக் கிடக்கும் தீவுகள் அவை. ஓவாஹூ என்ற தீவில், ஹானலூலூ நகரத்துக்குப் பக்கத்தில் ஹவாய் சர்வகலாசாலை இருக்கிறது. 1960-களின் கடைசியில் அங்கே பெரிய கம்ப்யூட்டர் ஒன்றுதான். மற்ற தீவுகளில் இருந்த கல்லூரிகளுக்கும் ஆராய்ச்சி நிலையங்களுக்கும் அது வேண்டும். டெலிபோன் கம்பி வழியாகப் பேசலாம் என்றால், கட்டணமோ அதிகம், கம்பியோ மோசம். நார்மன் ஏப்ராம்ஸன் என்ற பேராசிரியர் அப்போது அங்கே வந்து சேர்ந்திருந்தார். பாஸ்டனில் பிறந்தவர். ஹவாய்க்கு அவர் வந்ததற்குப் பெரிய லட்சியம் ஒன்றும் காரணமில்லை. கடல் அலைமேல் பலகை போட்டுச் சறுக்கி விளையாடுவதில் அவருக்குப் பைத்தியம். கடல் அலையைத் தேடி வந்தவர் ரேடியோ அலையைப் பிடித்துக்கொண்டார்.

அவருடைய யோசனையைக் கேட்டால் சிரிப்பு வரும். எல்லா நிலையங்களுக்கும் சேர்த்து ஒரே ஓர் அலைவரிசை. யாருக்கு எப்போது பேச வேண்டுமோ அப்போது பேசிவிட வேண்டியது. முறை வைப்பதற்கு ஒரு மணியக்காரர் கிடையாது. சொன்னது ஒழுங்காக வந்து சேர்ந்தால் மையக் கம்ப்யூட்டர் 'கிடைத்தது' என்று வேறோர் அலைவரிசையில் பதில் சொல்லும். பதில் வராவிட்டால், இன்னொருவர் பேச்சோடு மோதிச் சிதைந்துவிட்டது என்று அர்த்தம். உடனே மறுபடியும் பேசக் கூடாது. இங்கேதான் சாமர்த்தியம். குறுகலான வாசற்படியில் எதிரெதிரே வந்த இரண்டு பேர் ஒரே சமயத்தில் ஒரே பக்கம் ஒதுங்கி, மறுபடியும் மறுபக்கம் ஒதுங்கி, அசடு வழிந்து நிற்பதைப் பார்த்திருக்கிறோம். அந்த ஆட்டம் முடிய வேண்டுமானால் ஒருவர் கொஞ்சம் தாமதிக்க வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிலையமும் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி வெவ்வேறு நேரம் காத்திருந்து திரும்பப் பேச வேண்டும். 1971 ஜூன் மாதம் இது வேலை செய்யத் தொடங்கியது. வேகம் வினாடிக்கு 9,600 பிட். பெயர் அலோஹா வலை. ஹவாய்க்காரர்கள் வரும்போதும் போகும்போதும் சொல்லும் வணக்கம் அது.

குறையும் பெரியதுதான். கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். பேச்சு நெரிசல் கூடும்போது அலைவரிசையில் அதிகபட்சம் 18 சதவிகிதம்தான் உருப்படியாகப் பயன்படும். மிச்சமெல்லாம் மோதலிலும் மௌனத்திலும் போய்விடும். நேரத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, கட்டத்தின் ஆரம்பத்தில் மட்டுமே வாயைத் திறக்க வேண்டும் என்று லாரன்ஸ் ராபர்ட்ஸ் 1972-ல் ஒரு திருத்தம் சொன்னார். அதனால் பயன் இரட்டித்து 37 சதவிகிதத்துக்கு வந்தது. ஒரு பைசாச் செலவில்லாமல், ஒரு வாட் சக்தி கூட்டாமல், மரியாதையாகப் பேசச் சொல்லிக் கொடுத்ததில் கிடைத்த லாபம் அது.

ஏப்ராம்ஸனின் கட்டுரையைப் படித்த ராபர்ட் மெட்காஃப் என்ற இளைஞர் இன்னொரு படி ஏறினார். பேசுவதற்கு முன்னால் காது கொடுத்துக் கேட்டால் என்ன? யாரும் பேசாதபோது பேசலாம். பேசிக்கொண்டிருக்கும்போதே மோதல் ஏற்பட்டால் உடனே நிறுத்தலாம். 1973-ல் கலிபோர்னியாவில் ஜெராக்ஸ் கம்பெனியின் ஆராய்ச்சி நிலையத்தில் அவர் இதைக் கம்பியில் செய்து காட்டினார். ஈதர்நெட் பிறந்தது. ஆனால் கம்பியில் நடந்த ஒன்று காற்றில் நடக்காது. ரேடியோவில் ஒருவன் பேசும்போது அவன் குரல் அவன் காதையே அடைத்துவிடும். அடுத்தவன் குரல் அதில் கேட்காது. அதனால் நம் வீட்டு வைஃபை இன்றைக்கும் இரண்டு குலத்துக்கும் பிறந்த பிள்ளையாக இருக்கிறது. பேசுவதற்கு முன் காது கொடுத்துக் கேட்பது மெட்காஃப் வழி. பேசிவிட்டு 'கிடைத்தது' என்ற பதிலுக்குக் காத்திருப்பது ஹவாய் வழி.

சுவர் என்ற பாத்திரம் 1975-ல் கதைக்குள் வருகிறது. டொபாகி, கிளைன்ராக் என்ற இருவர் அந்த வருஷம் ஒரு சங்கடத்தை எடுத்துச் சொன்னார்கள். வாசல் திண்ணையில் ஒருவர், கொல்லைப்புறத்தில் ஒருவர், கூடத்தில் ரௌட்டர் என்று வைத்துக்கொள்வோம். கூடத்துக்கு இருவர் குரலும் கேட்கும். ஆனால் திண்ணைக்காரருக்குக் கொல்லைக்காரர் இருப்பதே தெரியாது. இருவரும் காது கொடுத்துக் கேட்பார்கள், நிசப்தம் என்று நினைப்பார்கள், ஒரே சமயத்தில் பேசுவார்கள். கூடத்தில் குழப்பம். நல்ல மனிதர்கள் இருவர், இருவரும் முறைப்படி நடந்தும், இடையில் ஒரு சுவர் இருந்த பாவத்துக்குச் சண்டை. நாவலுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

இனி சமையலறைக்கு வருவோம். பெர்ஸி ஸ்பென்ஸர் என்பவர் அமெரிக்காவில் ரேத்தியன் கம்பெனியில் ரேடார்க் குழாய் செய்கிறவர். 1945-ல் ஒருநாள் அந்தக் குழாய்க்கு முன்னால் நின்றபோது சட்டைப் பையிலிருந்த மிட்டாய் உருகிவிட்டதாம். அதிலிருந்து பிறந்தது மைக்ரோவேவ் அடுப்பு. 1947-ல் விற்பனைக்கு வந்த முதல் அடுப்பு ஆள் உயரம். எடை 340 கிலோ. அதே வருஷம் அட்லாண்டிக் சிட்டி நகரத்தில் கூடிய சர்வதேச மாநாட்டில் உலக நாடுகள் ரேடியோ அலைகளைப் பங்கு போட்டுக்கொண்டன. 2450 மெகாஹெர்ட்ஸ் சுற்றுவட்டாரத்தை அடுப்பு, தொழிற்சாலை, வைத்தியக் கருவி இவற்றுக்கென்று ஒதுக்கினார்கள். செய்தி அனுப்ப லாயக்கில்லாத புறம்போக்கு நிலம் மாதிரி அது கிடந்தது. தண்ணீரின் இயற்கையான அதிர்வே அந்த அளவுதான், அதனால்தான் அடுப்புக்கு அதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று பலர் சொல்கிறார்கள், அது சரியல்ல. தண்ணீர் வேறு பல அலைகளையும் விழுங்கும். விழுங்குவது மட்டும் உண்மை. மீன் தொட்டி விலக்கப்பட்டதற்கு அதுதான் காரணம்.

அந்தப் புறம்போக்கு நிலத்தைத்தான் 1985 மே மாதம் அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. அதற்காக உள்ளேயிருந்து வாதாடியவர் மைக்கேல் மார்க்கஸ் என்ற இன்ஜினீயர். லைசென்ஸ் வேண்டாம், கட்டணம் வேண்டாம். ஆனால் நிபந்தனை இரண்டு. குரலை வரம்புக்குள் வைத்துக்கொள்ள வேண்டும். பிறரால் வரும் தொல்லையை வாய் பேசாமல் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஒண்டுக் குடித்தனத்தில் வாழ்ந்தவர்களுக்கு இந்தச் சட்டத்தை விளக்க வேண்டியதில்லை. ஒரே குழாயடி, ஒரே முற்றம், யாருக்கும் தனிப் பாத்தியதை இல்லை. நம் தேசத்தில் 2005-ல்தான் இந்த அலைவரிசைக்கு லைசென்ஸ் தேவையில்லை என்று விதி வந்தது. ரேடியோப் பெட்டிக்கே தபாலாபீஸில் வருஷா வருஷம் பணம் கட்டிய தேசம் இது என்பதை நினைத்தால், அந்த விதியின் அருமை தெரியும்.

ஆகவே தம்பி சொன்ன சமையலறை விதிக்குக் காரணம் இவ்வளவுதான்: நம் வைஃபை, அடுப்பின் வீட்டில் குடியிருக்கிறது. அடுப்புக்குள் எண்ணூறு, ஆயிரம் வாட் அலை கொதிக்கிறது. உடம்புக்குக் கெடுதல் இல்லாதபடி அதை அடைத்துத்தான் வைத்திருக்கிறார்கள். என்றாலும் ஒரு வாட்டுக்கும் குறைவான குரலை அமுக்க, அதில் மிக மிகச் சிறிய கசிவு போதும். இதே அலைவரிசையில் இன்னொரு கஷ்டமும் உண்டு. அதன் மொத்த அகலம் 83 மெகாஹெர்ட்ஸ் சொச்சம். ஒன்றின்மேல் ஒன்று படாமல் மூன்று பாய் விரிக்கத்தான் இடம்; 1, 6, 11 என்ற எண்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்களே, அந்த மூன்று பாய்தான். இருபது வீடு உள்ள அடுக்கு மாடியில் இருபது பெட்டியும் அந்த மூன்று பாயில் படுத்தாக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் பக்கம் மாறிப் போகிறவர்களுக்கு இடம் தாராளம். ஆனால் அந்த அலை சுவரைத் தாண்டுவதில் சோனி.

திறந்துவிட்ட நிலத்தில் முதலில் வந்து கொட்டகை போட்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? கல்லாப் பெட்டி செய்கிறவர்கள். என்.சி.ஆர். என்ற அமெரிக்கக் கம்பெனி பெரிய ஜவுளிக்கடை, பலசரக்குக் கடைகளுக்குக் கல்லா இயந்திரம் விற்றுவந்தது. பண்டிகை வந்தால் கடைக்காரர்கள் கல்லாவை இடம் மாற்றுவார்கள். ஒவ்வொரு தடவையும் தரையைப் பெயர்த்துக் கம்பி போட வேண்டும். கம்பியே இல்லாமல் செய்ய முடியுமா என்று ஹாலந்தில் யூட்ரெக்ட் பக்கத்திலிருந்த அதன் கிளை முனைந்தது. அங்கே வேலை செய்த விக் ஹேஸ் என்பவர், எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான ஒரு விதி எழுத 1990-ல் கூடிய கமிட்டிக்குத் தலைவரானார். பத்து வருஷம் தலைவராக இருந்தார். 802.11 என்ற அந்த விதி 1997-ல்தான் முடிந்தது. கமிட்டிகளில் உட்கார்ந்து பழக்கப்பட்டவர்கள் அவருடைய பொறுமைக்கு ஒரு நமஸ்காரம் போடுவார்கள்.

இந்த இடத்தில் சிலர் ஹாலிவுட் நடிகை ஹெடி லமாரை அழைத்து வந்து, வைஃபையைக் கண்டுபிடித்தவரே அவர்தான் என்று மாலை போடுகிறார்கள். அவர் கெட்டிக்காரி என்பதில் சந்தேகமில்லை. சங்கீதக்காரர் ஜார்ஜ் ஆன்தைலுடன் சேர்ந்து 1942-ல் ஒரு பேடன்ட் வாங்கினார். கடலுக்கடியில் போகும் குண்டை எதிரி திசைதிருப்பாதபடி, கட்டளையை 88 அலைகளில் மாற்றி மாற்றித் தாவவிடும் தந்திரம். பியானோவில் 88 கட்டைகள். 1997 விதியில் இப்படித் தாவும் முறையும் ஒன்றாக இடம்பெற்றது உண்மை. ஆனால் இரண்டே வருஷத்தில் வந்த வேகமான விதி அதைக் கைவிட்டுவிட்டது. வைஃபைக்கு அவர் தூரத்து உறவுதான். அழகு காரணமாகக் கல்யாணப் போட்டோவில் நடுவில் நிறுத்தப்பட்டவர்.

1999-ல் வேகம் வினாடிக்கு ஒரு கோடியே பத்து லட்சம் பிட் ஆயிற்று. பெயர் வைக்கும் தொழில் செய்யும் ஒரு கம்பெனியிடம் காசு கொடுத்து 'வைஃபை' என்ற பெயரையும் வாங்கினார்கள். அதற்கு விரிவு ஏதும் கிடையாது. காதுக்கு நன்றாக இருந்தது, வைத்தார்கள். அந்த ஜூலையில் ஸ்டீவ் ஜாப்ஸ் நியூயார்க் மேடையில், இணையத்தில் உலாவும் ஒரு மடிக் கம்ப்யூட்டரை ஒரு வளையத்துக்குள் நுழைத்துக் காட்டினார். கம்பி இல்லை என்று நிரூபிக்க மந்திரவாதிகள் செய்யும் வேலை. சபை கைதட்டியது.

கைதட்டல் ஓய்ந்து வீட்டுக்குக் கொண்டுபோனபோது சுவர் காத்திருந்தது. திறந்த வெளியில் அலை ஒரே வழியில் வந்து சேரும். வீட்டுக்குள் நேராக ஒன்று வரும். பீரோவில் பட்டு ஒன்று, நிலைக்கண்ணாடியில் பட்டு ஒன்று, கூரையில் பட்டு ஒன்று என்று அதே செய்தி பின்னும் முன்னுமாகப் பல தடவை வரும். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து ஒருவர் வேகமாக வாழ்த்துரை படித்தால் என்ன ஆகிறது? முதல் சொல்லின் எதிரொலி மூன்றாவது சொல்லின் மேல் விழுகிறது, ஒன்றும் புரிவதில்லை. பழகிய பேச்சாளர் மண்டபத்துக்குத் தக்கபடி நிறுத்தி நிறுத்திப் பேசுவார். ஆனால் இங்கே வேகமும் அல்லவா வேண்டியிருக்கிறது?

இதைத் தீர்த்தவர்களில் ஒரு கூட்டம் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள். கருந்துளைகள் சிறுத்துக்கொண்டே போய்க் கடைசியில் வெடிக்கும் என்று ஸ்டீஃபன் ஹாக்கிங் 1974-ல் எழுதினார். அந்த வெடிப்பின் ரேடியோச் சத்தம் கேட்குமா என்று தேடியவர்களில் ஜான் ஓ'சல்லிவன் என்ற ஆஸ்திரேலியர் ஒருவர். ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் வானவெளியில் குழம்பி வரும் அலையைக் கணிதத்தால் பிரித்துத் தெளிவாக்கும் வித்தை அவருக்குக் கைவந்தது. பிறகு சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. என்ற ஆஸ்திரேலிய சர்க்கார் ஆராய்ச்சி ஸ்தாபனத்தில், நாலு சகாக்களுடன் சேர்ந்து இந்த வித்தையை வீட்டுச் சுவர்களின்மேல் பிரயோகித்தார். 1992-ல் பேடன்டுக்கு மனுப் போட்டார்கள். வழி இது: ஒருவர் வேகமாகப் பேசுவதற்குப் பதிலாகப் பல பேர் ஆளுக்கொரு சுருதியில் ஒரே சமயத்தில் மெதுவாகப் பேசட்டும். 1999-ல் வந்த 802.11ஏ விதியில் இப்படி 48 சுருதிகள். ஒவ்வொரு எழுத்துக்கும் நாலு மைக்ரோ வினாடி. அதில் முதல் 0.8 மைக்ரோ வினாடி, எதிரொலி அடங்குவதற்கான இடைவெளி. அந்த நேரத்தில் ரேடியோ அலை 240 மீட்டர் ஓடிவிடும். எந்தக் கூடத்துச் சுவரின் எதிரொலியும் அதற்குள் அடங்கிப்போகும். வேகம் ஒரேயடியாக 5 கோடியே 40 லட்சம் பிட் ஆயிற்று.

பின்னால் வழக்குகள் நடந்தன. 2009-ல் பதினான்கு கம்பெனிகளும் 2012-ல் வேறு சிலவும் சமரசத்துக்கு வந்து, ஆஸ்திரேலியாவுக்கு 40 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது. வைஃபை எங்கள் கண்டுபிடிப்பு என்று அங்கே சிலர் சொல்லிக்கொள்வது கொஞ்சம் அதிகப்படி. பல சுருதியில் பேசும் எண்ணத்தை பெல் ஆராய்ச்சிசாலையின் ராபர்ட் சாங் 1966-லேயே வெளியிட்டிருக்கிறார். ஆனால் வீட்டுக்குள் அதை நடக்க வைத்தது சின்னக் காரியமல்ல.

வேகம் வந்தபிறகு குடும்பத்துக்குள் ஒரு வழக்கு கிளம்பியது. 2003-ல் பிரான்ஸின் கிரெனோபில் நகரத்து ஆராய்ச்சியாளர்கள் அதைக் கண்டுபிடித்துச் சொன்னார்கள். எல்லாருக்கும் சம வாய்ப்பு என்பது வைஃபையின் சட்டம். ஆனால் கொல்லைப்புறத்தில் தொலைவிலிருக்கும் ஒரு பழைய கம்ப்யூட்டர், குரல் எட்டாததால் பதினோரு மடங்கு நிதானமாகப் பேசும். அதுவும் தன் முறைக்கு ஒரு வாக்கியம் பேசும்; கூடத்திலிருக்கும் வேகமான கம்ப்யூட்டரும் ஒரு வாக்கியம் பேசும். வாக்கியம் சமம், எடுத்துக்கொண்ட நேரம் சமமல்ல. முடிவில் வீடு முழுவதும் அந்த ஒன்றின் நிதானத்துக்கு இறங்கிவிடும். கூட்டுக் குடும்பத்தில் சாப்பாட்டுப் பந்தி கடைசி ஆள் கை கழுவும்வரை எழுந்திருக்கக் கூடாது என்பார்களே, அந்த மாதிரி. வாக்கியக் கணக்கை விட்டு நேரக் கணக்கில் பங்கு போடும் பெட்டிகள் பிறகுதான் வந்தன. வீட்டு மந்தத்துக்கு மருந்து கேட்கிறவர்களுக்கு நான் சொல்வது இதை வைத்துத்தான்: இடத்தை விட்டு நகராத டெலிவிஷனுக்கும் மேஜைக் கம்ப்யூட்டருக்கும் கம்பியே போட்டுவிடுங்கள். பந்தியில் இரண்டு இலை குறையும்.

இப்போது நம் ஊர்க்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார். ஆரோக்கியசாமி பால்ராஜ் 1944-ல் பொள்ளாச்சியில் பிறந்தவர். சின்ன வயதிலேயே கடற்படையில் சேர்ந்தார். 1971 டிசம்பர் 9-ஆம் தேதி இரவு, பாகிஸ்தான் யுத்தத்தின்போது, டையூ கடற்கரைக்கு அப்பால் குக்ரி என்ற நம் போர்க்கப்பலை எதிரியின் நீர்மூழ்கி மூழ்கடித்தது. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். காப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்க மறுத்து அதனுடனேயே போனார். அந்த நீர்மூழ்கியின் அரவம் நம் கப்பலின் சோனார்க் கருவிக்கு உரிய காலத்தில் கேட்கவில்லை. சோனார் என்பது நீருக்குள் ஒலியை விட்டு, திரும்பி வரும் எதிரொலியைக் கேட்கும் காது. அதைச் சீர்திருத்தும் வேலை இளம் அதிகாரி பால்ராஜிடம் வந்தது. செய்து முடித்தார். பிறகு கொச்சியிலுள்ள கடற்படை ஆராய்ச்சிசாலையில் அவர் தலைமையில் அப்சோ என்ற புதிய சோனார் உருவாகி, 1983-ல் கப்பலில் ஏறியது. அலையும் அடியிலுள்ள மண்ணும் மீன்கூட்டமும் எழுப்பும் ஆயிரம் சத்தங்களுக்கிடையே, வேண்டிய ஒன்றை மட்டும் பல காதுகளை வைத்துப் பிரித்தெடுப்பதுதான் அந்த வித்தை. பின்னர் நடந்ததற்கெல்லாம் மூலதனம் அதுதான் என்பது என் அபிப்பிராயம்.

1991-ல் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்று ஸ்டான்ஃபோர்ட் சர்வகலாசாலைக்குப் போனார். அங்கே தாமஸ் கைலாத் என்ற இந்தியப் பேராசிரியரின் ஆராய்ச்சிக் குழு இருந்தது. ஒரே அலைவரிசையில் பேசும் இரண்டு பேரைப் பிரித்தறியும் பரிசோதனை. பேசுகிறவர்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் பிரிக்க முடியாது என்பது எல்லாரும் ஒப்புக்கொண்ட விஷயம். ஆனால் அலை சுவர்களில் பட்டுச் சிதறும் இடத்தில் பிரிப்பது சுலபமாக இருப்பதை அவர் கவனித்தார். வேறு எவரும் தலைவலி என்று தள்ளியிருப்பார்கள்.

ஏன் அப்படி என்பதைப் பள்ளிக்கூடக் கணக்கால் சொல்லிவிடலாம். இரண்டு எண்களைக் கூட்டினால் 10. இரண்டையும் இரட்டித்துக் கூட்டினால் 20. எண்கள் என்ன? சொல்ல முடியாது. இரண்டாவது வரி முதல் வரியையே திரும்பச் சொல்கிறது. ஆனால் கூட்டினால் 10, கழித்தால் 4 என்று சொல்லுங்கள். 7, 3 என்று குழந்தை சொல்லும். திறந்த வெளியில் இரண்டு ஆன்டெனாக் கொம்புகளிலிருந்து வரும் இரண்டு செய்திகள், கேட்கும் இரண்டு கொம்புகளிலும் ஒரே மாதிரி கலந்து விழுகின்றன. முதல் வகைக் கணக்கு. சுவரும் பீரோவும் உள்ள இடத்தில் ஒவ்வொரு கொம்புக்கும் வெவ்வேறு கலவை வருகிறது. இரண்டாம் வகைக் கணக்கு, விடை உண்டு. அப்படியானால் ஒரே அலைவரிசையில், ஒரே நேரத்தில், இரண்டு செய்தி அனுப்பலாம். நாலு கொம்பு இருந்தால் நாலு. கூடுதல் அலைவரிசை வேண்டாம். இதுவரை ஆஸ்திரேலியர்கள்கூட அடங்கட்டும் என்று காத்திருந்த எதிரொலி, இங்கே கணக்குக்கு விடை தருகிறது.

1992-ல் கைலாத்துடன் சேர்ந்து மனுப் போட்டு 1994-ல் பேடன்ட் வாங்கினார். உலகம் உடனே நம்பிவிடவில்லை. 1996-ல் பெல் ஆராய்ச்சிசாலையின் ஃபோஷினியும், ஸ்டான்ஃபோர்டில் படித்த கிரெக் ராலேயும் தங்கள் தங்கள் வழியில் இதற்குப் பலம் சேர்த்தார்கள். வீட்டுப் பெட்டிக்கான முதல் சில்லுகளைச் செய்தது ராலேயின் கம்பெனி. பால்ராஜ் 1998-ல் தொடங்கிய கம்பெனியை 2003-ல் இன்டெல் வாங்கிக்கொண்டது. ஆக, பொள்ளாச்சிக்கு முழுப் பட்டமும் கேட்க முடியாது. முதல் வரிசையில் ஒரு நாற்காலி தாராளமாகக் கேட்கலாம். வைஃபை விதியில் இதைச் சேர்க்கும் கமிட்டி வருஷக்கணக்கில் சண்டை போட்டு 2009-ல்தான் முடித்தது. நாலு கொம்புகளுடன் வினாடிக்கு 60 கோடி பிட் என்று அந்த விதி எழுதியது. 2010-ல் பால்ராஜுக்குப் பத்மபூஷண் கிடைத்தது. 2014-ல் மார்க்கோனி பரிசு. ரௌட்டரின் கொம்புகளைப் பார்த்துத் தூரத்துக்காக வைத்தவை என்று நினைக்கிறவர்கள் நம்மில் பலர்.

இதிலிருந்து பீரோவுக்குப் பின்னால் பெட்டியை வைத்தால் நல்லது என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். ஒரே கூடத்தில் சுவரில் பட்டுத் திரும்பும் அலை உதவி. மூன்று சுவரைத் துளைத்துக்கொண்டு சாகக் கிடக்கும் அலையால் பயனில்லை. தம்பி சொன்ன உயரமும் நடுவிடமும் சரிதான்.

2013-ல் வந்த விதி கொம்புகளையும் பாயின் அகலத்தையும் பெருக்கியது. அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அதற்கு அடுத்தது சுவாரஸ்யமானது. நெருக்கடியான வீட்டில் ஒவ்வொருவரும் காது கொடுத்துக் கேட்டுக் காத்துக்கொண்டிருப்பதிலேயே பொழுது போகிறது என்று கண்டு, ரௌட்டரையே மணியக்காரராக்கினார்கள். இன்னார் இந்தச் சுருதிகளில் இந்த நேரம் பேசலாம் என்று அது சீட்டுக் கொடுக்கும். ஒரே வீச்சில் பல பேர் பேசலாம். மணியக்காரரே வேண்டாம் என்று ஹவாயில் தொடங்கி ஐம்பது வருஷம் ஆகியிருந்தது. 2021 பிப்ரவரியில் அந்த விதி அங்கீகாரம் பெற்றது. ஏப்ராம்ஸன் அதற்கு முந்திய டிசம்பர் முதல் தேதி, சான்பிரான்சிஸ்கோவில், 88 வயதில் காலமாகிவிட்டார். உலகமே வீட்டுக்குள் அடைந்து, பள்ளிக்கூடமும் ஆபீஸும் நாலு சுவர்களுக்குள் இந்த அலைமேல் நடந்துகொண்டிருந்த வருஷம் அது.

புதிய விதியிலும் மணியக்காரருக்கு ஒரு சங்கடம் இருக்கிறது. தனக்குத் தெரியாதவனுக்கு அவர் எப்படிச் சீட்டுக் கொடுப்பார்? புதிதாக வீட்டுக்குள் நுழைந்த ஒரு டெலிபோன் தான் வந்திருப்பதை எப்படியாவது சொல்லியாக வேண்டும். அதற்காகச் சில சுருதிகளை யாருக்கும் கொடுக்காமல் காலியாக விடலாம் என்று விதி இடம் கொடுத்திருக்கிறது. அங்கே வந்தவன் முறை பார்க்காமல் பேசலாம். இன்னொருவனோடு மோதினால், சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்து, மறுபடியும் பேசலாம்.